முதல் கையெழுத்து

வேலையை விட்டு விலகுவதாக எழுதிய கடிதத்தில், எங்கள் சலவை நிலையத்தின் பதினோரு பேரில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டது அண்ணிதான். போட்டுவிட்டுப் பேனாவை மூடி, ஏப்ரன் பைக்குள் செருகிக்கொண்டார்.

"பேனாவக் குடுங்கக்கா, நாங்களும் போடணும்ல," என்றார் வண்டி ஓட்டுபவர்.

"உனக்கும் ஒண்ணு குடுப்பாரு, கேட்டு வாங்கிக்க. இது என்னுது."

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. வேலை செய்பவர்களுக்கெல்லாம் 'அக்கா', எனக்கு மட்டும் அண்ணி. இஸ்திரி மேசை அவருடையது. பத்தொன்பது வருடமாக அந்த மேசைக்கு முன்னால் ஒரு மரப்பலகையின் மேல் நின்றுகொண்டு ஹோட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். ஆள் குட்டை. பலகை இல்லாமல் மேசையின் அந்தப் பக்கம் கை எட்டாது.

பேனாவைக் கொண்டுவந்தவர் எங்கள் தொழிலில் புதிதாகப் பணம் போடப் போகிறவர். எப்போது வந்தாலும் கம்பெனி பெயர் அச்சடித்த பேனாக்களை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். அதனால் முதல் வாரத்திலேயே அவருக்குப் 'பேனாக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தவறாக ஒன்றும் சொல்வதற்கில்லை, தன்மையான மனிதர். எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். நீராவிக்கு நடுவில் அரை மணி நேரம் நின்று, சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்ட பிறகும் முகம் சுளிக்காமல் கேள்வி கேட்பார்.

அன்று திங்கட்கிழமை. கடிதத்தைப் பார்த்ததும் யாரும் கை நீட்டவில்லை. துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் 'சோப்பு' அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"விலகுறேன்னு எதுக்கு எழுதணும்? நாங்க யாரும் விலகலையே."

என் கணவர் பொறுமையாகச் சொன்னார். "சனிக்கிழமையோட பழைய கம்பெனி மூடுது. ஞாயித்துக்கிழமை பக்கத்துப் புதுக் கட்டடத்துல புதுக் கம்பெனி ஆரம்பிக்குது. அன்னிக்கு மேடையில எல்லாருக்கும் புது வேலைக் கடிதம் குடுப்பாங்க. ஒரு கதவு வழியா வெளிய போறோம், அதே கதவு வழியா உள்ள வரோம். அவ்வளவுதான்."

"நடுவுல கதவச் சாத்திட்டா?"

சிரிப்பு எழுந்தது. ஆனாலும் யாரும் நகரவில்லை. அப்போதுதான் அண்ணி பலகையிலிருந்து இறங்கி வந்தார்.

"என் தம்பி சொல்றான்ல? இந்த இடுப்புல தூக்கி வளத்த பையன். அவன் எனக்குக் கதவச் சாத்துவானா? குடுங்கப்பா இப்படி."

படிக்காமலே போட்டார். அவர் போட்டபின் மற்ற பத்துப் பேரும் வரிசையில் நின்று போட்டார்கள்.

அன்று மாலை வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். "ஏங்க, பத்தொன்பது வருஷமா இருக்கற வேலை எப்படிங்க புது வேலை ஆகும்?"

"காகிதத்துல ஆகும்," என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து, நான் கழுவிவைத்த தட்டுகளைத் துடைத்தபடி விளக்கினார். அறுபது புது வேலைகளை உண்டாக்கினால் அரசாங்கம் பேனாக்காரருக்குப் புதுக் கட்டடத்தின் நிலத்தைச் சும்மா கொடுக்கும், வரியையும் குறைக்கும். வெளியிலிருந்து நாற்பத்தொன்பது பேரை எடுக்கப் போகிறார்கள். எங்கள் பதினோரு பேரும் 'புதிதாகச்' சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் பழைய கம்பெனியில் ஒரே ஓர் ஆள் மிச்சமிருந்தாலும் இது புதுக் கம்பெனி ஆகாது.

"அவர் வரலன்னா?"

துணி உலர்த்தும் இயந்திரம் அந்த வருடத்தில் மூன்றாவது முறையாகப் படுத்திருந்தது. இரண்டு ஹோட்டல்கள் வேறு பெரிய சலவை நிலையத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டன. இந்தக் கேள்விக்குப் பதில் இருவருக்கும் தெரியும். அவர் தட்டை அடுக்கிவைத்தார், நான் குழாயை மூடினேன்.

இந்தத் தொழில் எப்படி ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாசல் பலகையில் 'நிறுவனர்' என்று என் கணவர் பெயருக்கு மேல்தான் எழுதியிருக்கிறது. ஆனால் கல்யாணமான புதிதில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு துவைக்கும் இயந்திரம், பின்கட்டில் ஒரு கொடிக்கயிறு. அண்ணி அப்போது ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்துகொண்டிருந்தார். அந்த ஹோட்டலுக்குத் துணி வெளுக்கும் ஆள் திடீரென்று நின்றுவிட, "என் தம்பி பொண்டாட்டி துவைப்பா" என்று மேலாளரிடம் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டு வந்தார். முதல் மூட்டையை அவரே தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார்.

"என்ன அண்ணி இது, மலை மாதிரி இருக்கு!"

"மலைய வெட்டினாத்தான்மா ரோடு வரும். சோப்பை எடு."

அந்த ஹோட்டல் எங்களை விடாமல் பிடித்துக்கொண்டதற்கும், இன்னும் ஆறு ஹோட்டல்கள் தேடி வந்ததற்கும் காரணம் என் துவைப்பும் இல்லை, என் கணவர் அலைந்த அலைச்சலும் இல்லை. அண்ணியின் மடிப்பு. வழக்கமான மடிப்பில், படுக்கை போடும் பெண் விரிப்பை முழுதாகப் பிரித்துப் பார்த்தால்தான் தலைமாட்டுப் பக்கம் எது என்று தெரியும். தானும் அந்த வேலை செய்து இடுப்பொடிந்தவர் என்பதால் அண்ணிக்கு அது தெரியும். தலைமாட்டு ஓரம் எப்போதும் வெளியே, வலது கைக்கு வரும்படி மடித்துவைப்பார். அந்த ஓரத்தைப் பிடித்து ஓர் உதறு உதறினால் போதும், விரிப்பு நேராகப் போய் விழும். ஒரு படுக்கைக்கு அரை நிமிடம் மிச்சம். ஒரு நாளைக்கு இருபது படுக்கை போடுகிறவளுக்கு அது ஒரு டீ குடிக்கிற நேரம்.

அதைப் பேனாக்காரரிடம் என் கணவர் பெருமையாகச் சொன்னபோது, அவரும் ஆர்வமாக ஒரு விரிப்பை உதறிப் பார்த்தார். பிறகு டீ குடித்தபடியே பேச்சு எங்கோ போய், "என்ன இருந்தாலும் பணம் போடற ஒருத்தன் துணிஞ்சாத்தானே நாலு பேருக்கு வேலை உண்டாகுது?" என்றார்.

என் கணவர் சும்மா இருக்கவில்லை. "பணம் போட்டா மட்டும் போதுமா சார்? தொழிலை நடத்தறவன் ஒருத்தன் வேணும்ல?"

இஸ்திரிப் பெட்டியின் சத்தத்துக்கு மேல் அண்ணி குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. எவனோ ஒருத்தன் ராத்திரி நல்லாத் தூங்கினான், காலையில எழுந்து போனான், விரிப்பு அழுக்காச்சு. வேலை வந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் அதுக்கு அப்புறம் வந்தவங்கதான்."

பேனாக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பிரமாதம்மா!" என்று பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அண்ணிக்குக் கன்னம் சிவந்துவிட்டது.

புதன்கிழமை பட்டியல் வந்தது.

அலுவலக அறை என்பது தடுப்பு வைத்த ஒரு மூலை. அங்கே என் கணவர் கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை நீட்டினார். அறுபது பெயர்கள் இருந்தன. நான் இரண்டு முறை மேலிருந்து கீழே போனேன். சோப்பு அண்ணன் இருந்தார். வண்டி ஓட்டுபவர் இருந்தார். எங்கள் பதினோரு பேரில் பத்துப் பேர் இருந்தார்கள்.

"அண்ணி எங்க?"

"வயசு," என்றார். "புதுசாச் சேர்க்கறவங்க அம்பத்தஞ்சைத் தாண்டக் கூடாதாம். இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டானாம். மூணாவது பக்கத்துல போட்டிருக்கு. நான் ரெண்டு பக்கம்தான் படிச்சேன்."

"அண்ணி பத்தொன்பது வருஷமா..."

"பழைய ஆளா இருந்தா வயசு பாக்க மாட்டாங்க. இப்ப புது ஆள்." அவர் காகிதத்தைத் தட்டிக் காட்டினார். "அக்கா விண்ணப்பத்துல அம்பத்தேழுன்னு எழுதியிருக்காங்க. யாரைக் கேட்டு எழுதினாங்க? ரெண்டைக் குறைச்சு எழுதியிருந்தா யாருக்குத் தெரியும்?"

எனக்கு அது நினைவிருந்தது. புது வேலைக்கான விண்ணப்பத்தை அண்ணி நிரப்பும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "தம்பி கம்பெனிக் காகிதத்துல பொய் எழுதலாமா?" என்று சொல்லித்தான் ஐம்பத்தேழு என்று போட்டார்.

விலகல் கடிதத்தை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் அண்ணி வாங்கிக்கொண்டால் பழைய கம்பெனியில் ஓர் ஆள் மிச்சமாகிவிடும். பேனாக்காரர் எழுந்து போய்விடுவார். அவர் போனால் இந்த வருடக் கடைசிக்குள் பதினோரு பேரும் வீதியில் நிற்பார்கள், அண்ணியும் சேர்த்து.

"அவர்கிட்டப் பேசினீங்களா?"

"பேசினேன். ரொம்ப வருத்தப்பட்டார். உண்மையாவே வருத்தப்பட்டார். விதியை மாத்த முடியாதாம். அக்காவுக்கு முன் வரிசையில நாற்காலி போடச் சொல்லியிருக்கார், குடும்பத்து ஆளா."

நாங்கள் இருவரும் வெளியே எட்டிப் பார்த்தோம். அண்ணி பலகையின் மேல் நின்று யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தார். தன் மேசையைப் புது இடத்தில் ஜன்னல் பக்கம் போடச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அவருடைய வீட்டுக்காரர் விட்டுப்போய் இருபத்தைந்து வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "வேலை இருக்கறவரைக்கும்தான்மா நான் உங்க வீட்டுக்கு விருந்தாளி. வேலை போச்சுன்னா பாரம். விருந்தாளியாவே இருந்துட்டுப் போறேன்."

"நீ சொல்லேன்," என்றார் என் கணவர்.

"உங்க அக்காங்க. நீங்க சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்லலாமா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் 'சரி' என்று சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் செய்தது அவ்வளவுதான், இன்றுவரை என்னை விடாததும் அதுதான்.

வியாழக்கிழமை அண்ணி எனக்குத் தலை பின்னிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி அடித்தபோது நானும் அவரும் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ணிக்கை தவறிவிட்டது என்று சொல்லி என்னை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். ஐந்தே கால் ஆனது. நான் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை என் கணவர் அக்காவின் அறைக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"சொன்னீங்களா?"

"ஏப்ரனைத் துவைச்சுக் கஞ்சி போட்டுட்டிருந்தாங்க. நாளைக்கு மேடையில கசங்கி நிக்கக் கூடாதாம். டீ போட்டுக் குடுத்தாங்க. குடிச்சிட்டு வந்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை புதுக் கட்டடத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். பெரிய தட்டியில் 'அறுபது புதிய வேலைகள், அறுபது குடும்பங்கள்' என்று எழுதியிருந்தது. முன் வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணி. வெள்ளை ஏப்ரன் கத்தி மாதிரி நின்றது. பையில் அந்தப் பேனா. மடியில் சாப்பாட்டு டப்பா.

"எதுக்கு அண்ணி டப்பா?"

"விழா முடிஞ்சதும் மெஷினை ஓட்டிக் காட்டணும்னு சொன்னாங்களே. நம்ம ஆளுங்க நிக்கும்போது நான் மட்டும் பசிக்குதுன்னு ஓட முடியுமா?"

பேனாக்காரர் பேசினார். அழகாகத்தான் பேசினார். நடுவில் நோட்டைப் பிரித்து, "இங்கே வேலை செய்யற ஒரு அம்மா எனக்கு ஒரு பாடம் சொல்லிக் குடுத்தாங்க" என்று ஆரம்பித்து, நன்றாகத் தூங்கி எழுந்துபோனவனின் கதையைச் சொன்னார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அண்ணி என் விலாவில் இடித்தார்.

"என் பேச்சு! பாத்தியா, என் பேச்சு!"

பிறகு ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். பெயர் படித்தது என் கணவர். சோப்பு அண்ணன் மேடையேறினார். வண்டி ஓட்டுபவர் ஏறினார், கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டு பேனா கேட்டார். அண்ணி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். முப்பது. நாற்பது. ஐம்பது தாண்டியதும் என் காதருகே குனிந்தார்.

"கடைசியாக் கூப்பிடப் போறான். மொதல்ல கையெழுத்துப் போட்டவளைக் கடைசியாக் கூப்பிட்டாத்தான் மரியாதைன்னு நெனச்சிருப்பான். அவனுக்கு இந்த மாதிரி கிறுக்கெல்லாம் உண்டு."

ஐம்பத்தொன்பது. அண்ணி டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு ஏப்ரனின் முன்பக்கத்தைத் தடவிச் சரிசெய்தார்.

அறுபதாவது பெயரைப் படிக்கும்போது என் கணவரின் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி பின் வரிசையிலிருந்து ஓடிவந்தாள். கடிதம் வாங்கினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அண்ணி பாதி எழுந்த நிலையில் இருந்தார். பிறகு முழுதாக எழுந்தார். எல்லோரும் எழுந்திருந்ததால் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அவரும் கைதட்டினார். என் கணவர் மேடையில் நின்று காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் டீக்குப் போனபோது அண்ணி பழைய கட்டடத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். மேசைக்கு அடியிலிருந்து பலகையை இழுத்து, அதில் ஒட்டியிருந்த நூலையும் தூசியையும் கையால் தட்டினார்.

"இது நான் வாங்கினது," என்றார். "கம்பெனிது இல்ல."

ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். அப்படியே பேருந்து நிறுத்தம் வரை தூக்கிக்கொண்டு நடந்தோம். அங்கே பலகையைத் தரையில் போட்டு இரண்டு பேரும் அதன்மேல் உட்கார்ந்தோம். வெயில் இறங்கியிருக்கவில்லை.

"வயசுதானே?" என்றார்.

"ஆமா அண்ணி."

"தம்பிக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

"உனக்கு?"

நான் பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். அவர் காத்திருந்தார்.

"புதன்கிழமைதான் அண்ணி."

அவர் சாலையைப் பார்த்தபடி விரல்களை மடக்கினார். புதன், வியாழன், வெள்ளி, சனி.

"அப்ப வியாழக்கிழமை நான் உனக்குத் தலை பின்னினப்போ தெரியும்."

"அண்ணி, நீங்க கடிதத்தைத் திரும்ப வாங்கியிருந்தா எல்லாருக்கும்..."

"நான் வாங்கியிருப்பேனா?" என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். "பத்து பேரு சோத்துல மண்ணப் போட்டுட்டு நான் அந்த மேசையில நின்னிருப்பேனா? நீ என்கிட்ட வந்து, அண்ணி இப்படி ஆயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே விட்டுக் குடுத்திருப்பேன்மா. சிரிச்சுக்கிட்டே குடுத்திருப்பேன். கேக்காம எடுத்துக்கிட்டீங்களே."

பேருந்து வந்தது. நான் பலகையைப் பிடிக்கக் குனிந்தேன். அதற்குள் அவர் அதைத் தனியாகவே தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டார், ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல.

"நீ அடுத்த பஸ்ல வா," என்றார்.

அதன்பிறகு என் கணவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்காவைப் பார்க்கப் போகிறார். டீ கிடைக்கிறது. "தம்பி" என்றுதான் இன்னும் கூப்பிடுகிறாராம். வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னால் மட்டும், "விருந்துக்குக் கூப்பிடுடா, வரேன்" என்று சொல்லிவிடுகிறார். புதுக் கம்பெனி நன்றாகவே ஓடுகிறது. பொய் சொல்ல மாட்டேன், அந்த அறுபது வீட்டிலும் அடுப்பு எரிகிறது. மடிப்பதை இப்போது இயந்திரமே செய்கிறது, தலைமாட்டு ஓரம் எங்கே வருகிறதோ அங்கே வரும்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் வண்டியில் உதவிக்கு ஆள் வராததால் துணி இறக்க நானும் கூடப் போனேன். எங்கள் முதல் ஹோட்டல். பின்வாசலில் மூட்டைகளை வாங்கிக்கொள்ள அறை சுத்தம் செய்பவர்களின் சீருடையில் ஒருவர் வந்தார். அண்ணி.

"இந்தத் தடவை அம்பத்திரண்டுன்னு சொல்லிட்டேன்," என்றார் என்னைக் கண்டதும், ஏதோ நேற்றுப் பேசியதன் தொடர்ச்சிபோல. "இடுப்புதான் நம்ப மாட்டேங்குது."

"அண்ணி..."

"தம்பி வேளைக்குச் சாப்பிடறானா?"

"சாப்பிடறார்."

"உங்க மெஷின்கிட்டச் சொல்லும்மா, தலை எது கால் எதுன்னு தெரியாம ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கறோம். இங்க இருக்கற பொண்ணுங்க டீ குடிச்சே நாலு மாசம் ஆச்சு."

வண்டி ஓட்டுபவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் துணி ஒப்படைத்ததற்கான சீட்டை நீட்டினேன். வழக்கமாக யாரும் அதைப் பார்ப்பதில்லை. கீழே ஒரு கிறுக்கல், அவ்வளவுதான்.

அண்ணி சீட்டை வாங்கிக் கை எட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். கம்பெனி பெயர், தேதி, விரிப்பு எத்தனை, உறை எத்தனை. சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததையும் உதடு அசைய வாசித்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அதன்பிறகுதான் சீருடைப் பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்தார்.

எடுத்தவர், இன்னொரு தடவை மேலிருந்து படித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.